எலி கடித்த மெத்தைகளில் ஒரு போல் வால்ட் பிட்

காயலான் கடைக்காரருக்கு வேண்டியிருந்தது இரும்பு மட்டும்தான். ஏலத்தில் எடுத்த லாட்டில் வளைந்த ஹர்டில்ஸ், துருப்பிடித்த குழாய்கள் எல்லாம் இருந்தன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தவைதான், போல் வால்ட்டில், அதாவது கம்பூன்றித் தாண்டுவதில், தாண்டியவர் வந்து விழும் அந்த ஆறு மெத்தைகள். எங்கோ ஒரு பெரிய மைதானத்தில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு, கடைசி இரண்டு மழைக்காலத்தைக் கூரையில்லாமல் கழித்திருக்கின்றன. மேலே பாசி, பக்கவாட்டில் கிழிசல், ஒன்றில் கை நுழையுமளவுக்கு எலிப் பொந்து. "எடுத்துட்டுப் போனீங்கன்னா எனக்கு எடம் மிச்சமுங்க சார், ஏத்துக்கூலி மட்டும் குடுத்துருங்க" என்றார். இரண்டாயிரம் ரூபாய் ஏற்றுக்கூலி, ஐயாயிரத்து ஐந்நூறு வண்டி வாடகை. மாசி மாதக் கடைசியில் மெத்தைகள் கரூர்ப் பக்கம் எங்கள் மைதானத்துக்கு வந்து இறங்கின.

நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் அதுவரை லாங் ஜம்ப் மணலில்தான் கம்பூன்றித் தாண்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் கம்பு, நேராக ஓடிவந்து ஊன்றி, காலில் இறங்குவது. மணலில் 2 மீட்டருக்கு மேல் பார், அதாவது தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பி, வைக்க நான் சம்மதித்ததே இல்லை. 2022 அக்டோபரில் காந்திநகர் தேசிய விளையாட்டுப் போட்டியில் நம் ரோசி மீனா 4.20 மீட்டர் தாண்டி, 2014இல் வி.எஸ். சுரேகா வைத்த 4.15 பெண்கள் தேசிய சாதனையைக் கடந்தார். அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் நம் சிவா 5.31 தாண்டினார். இரண்டு வீடியோவையும் பிள்ளைகள் போனில் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள் என்று கணக்கில்லை. பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், அவங்க முதுகுல விழறாங்க. நாம மட்டும் ஏன் கால்லயே விழறோம்?" பதில் சுலபம். முதுகில் விழ மெத்தை வேண்டும். பிட் என்று சொல்லும் அந்த மெத்தைத் தொகுதியைப் புதிதாக வாங்கப் பல லட்சம் ஆகும். அதனால்தான் காயலான் கடை வாசலில் அந்த மெத்தைகளைப் பார்த்ததும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்குப் போட்டு, அதைச் சுவரில் எழுதி வைத்தேன். பார் 4 மீட்டரில் இருந்தால், 80 செ.மீ. மெத்தைக்கு மேலே விழும் தூரம் 3.2 மீட்டர். மெத்தையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்கூட்டரில் போகும் வேகம். அந்த வேகம் அரை மீட்டர் ஆழத்தில் அடங்கினால் உடம்பு தாங்கும். 10 செ.மீ.யில் அடங்கினால் அடி ஐந்து மடங்கு. மெத்தை என்று நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த அரை மீட்டரைத்தான். இரண்டு மெத்தைக்கு நடுவே இடைவெளி திறந்துகொண்டால் அந்த அரை மீட்டர் அங்கே கிடையாது. 1960களில் ஃபைபர் கிளாஸ் கம்பு வந்து உயரங்கள் மளமளவென்று ஏறியபோது, மணலும் மரத்தூளும் போய் ஸ்பாஞ்சு மெத்தை வந்ததற்கும் இதே கணக்குதான் காரணம்.

ஆறு மெத்தைகளில் நான்கு உடல் பகுதி. ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். புதிதாக இருந்தபோது 80 செ.மீ. உயரம் இருந்திருக்கும், இப்போது அமுங்கி 70. மற்ற இரண்டும் முன்பக்கத் துண்டுகள், கம்பை ஊன்றும் குழியான பாக்ஸின் இருபுறமும் வைப்பவை. நாங்கள் இறக்கை என்போம். பின்வரிசை ஒன்று இருந்திருக்க வேண்டும், அது வரவில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒதுக்கிப் போட்டிருந்த ஹை ஜம்ப் மெத்தை இரண்டு கிடைத்தது. ஒவ்வொன்றும் 3க்கு 2.5 மீட்டர், உயரம் 50 செ.மீ.

உறையைப் பிரித்துப் பார்க்காமல் பழைய மெத்தையை நம்பவே கூடாது. இதைச் செய்ய நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். ஜிப் எல்லாம் துருவேறி இறுகிப்போயிருந்தது. கத்தியால் தையலை அறுத்துத்தான் திறந்தோம். மூன்று மெத்தைகள் உள்ளே நல்ல மஞ்சள் நிறத்தில், கொஞ்சம் ஈரத்தோடு, பிழைத்திருந்தன. நான்காவதைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் பிள்ளைகள் பத்தடி தள்ளிப் போனார்கள். கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீர். ஒரு மூலையில் எலிக்கூடு. ஸ்பாஞ்சைப் பொடிப்பொடியாகக் கடித்து, நடுவில் கிண்ணம் போல் குழித்து வைத்திருந்தது. பக்கத்தில் கைவைத்துக் கிள்ளினேன். புட்டு மாதிரி உதிர்ந்தது. செத்த ஸ்பாஞ்சுக்கு அதுதான் அடையாளம். நல்ல ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அடிவரை அழுத்தி விட்டால் மூன்று எண்ணுவதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். வராமல் பள்ளமாகவே கிடந்தால் அது மேலே இருக்கத் தகுதியில்லை. உதிர்ந்தால் எங்கேயும் தகுதியில்லை. ஒவ்வொரு அடிக்கு ஒரு இடம் வீதம் எல்லா மெத்தையிலும் அழுத்திப் பார்த்து, நல்ல இடத்துக்குப் பச்சை, சந்தேகத்துக்கு நீலம், செத்த இடத்துக்குச் சிவப்பு என்று மார்க்கரால் வட்டம் போட்டோம். நான்காவது மெத்தையில் ஏறக்குறைய பாதி சிவப்பு.

ஸ்பாஞ்சு வெட்டும் வித்தையை பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைக்கும் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கரூரில் இருப்பதில் இது ஒரு பாக்கியம். பஸ் பாடி பட்டறைகள் இருப்பதால் ஸ்பாஞ்சும் ரெக்சினும் அறிந்த கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. சூடு கம்பியால் வெட்டலாமா என்று கேட்டேன். பதறிவிட்டார். "தெர்மாகோலுக்குத்தான் சார் அது. இத சுட்டா வர்ற புகை நெஞ்சப் புடிக்கும், தீயும் புடிச்சிரும்." நீளமான ஆக்சா பிளேடை ஒருபக்கம் சாணை பிடித்து, பல் இல்லாத கத்தியாக்கித் தந்தார். ஒரு ஆள் ஸ்பாஞ்சை அழுத்தாமல் விரித்துப் பிடிக்க, இன்னொருவர் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். தள்ளக் கூடாது. தள்ளினால் விளிம்பு அலை அலையாகும்.

நான்காவது மெத்தையின் நல்ல பாதியை மீட்டருக்கு மீட்டர், 20 செ.மீ. கனத்தில் பலகைகளாக அறுத்து எடுத்தோம். ஈரமாக ஒரு பலகை 11 கிலோ இருந்தது. மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வேப்ப மரத்தடியில் செங்குத்தாக நிறுத்தி வைத்தோம். படுக்க வைத்தால் தண்ணீர் கீழ்முகத்தில் போய்த் தங்கிவிடும். வெயிலில் போடவில்லை. பங்குனி வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும்தான், ஆனால் நேர் வெயில் ஸ்பாஞ்சின் உயிரைக் குடிக்கும், மேல்தோல் பழுப்பேறி உதிரத் தொடங்கும். காற்றும் நிழலும் போதும். தொட்டுப் பார்த்து காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், எடை போடுங்கள். எங்கள் பலகை இரண்டாம் நாள் 7, மூன்றாம் நாள் 5, நான்காம் நாள் நாலரை, ஐந்தாம் நாளும் நாலரை. எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். கையால் தொட்டுப் பார்த்திருந்தால் நான் மூன்றாம் நாளே உறை போட்டிருப்பேன். உள்ளே இருந்த ஈரம் ஒரு மாதத்தில் கருப்புப் பூஞ்சையாக வந்து நின்றிருக்கும்.

இனி அடுக்குவது. மொத்த வேலையில் நான் அதிகம் யோசித்தது இதற்குத்தான்.

என்னிடம் பிழைத்தவை போல் வால்ட் மெத்தை மூன்று, ஹை ஜம்ப் மெத்தை இரண்டு. முதலில் எல்லோருக்கும் தோன்றும் அடுக்கைத்தான் நானும் வரைந்தேன். முன்னால் இரண்டு போல் வால்ட் மெத்தை, பின்னால் இரண்டு ஹை ஜம்ப் மெத்தை. அகலம் 5 மீட்டர், நீளம் 5 மீட்டர். சாதாரணப் போட்டிகளுக்கு விதிப்புத்தகம் கேட்கும் குறைந்தபட்ச அளவு சரியாக அதுதான். பெரிய போட்டி என்றால் 6க்கு 6, உயரம் 80 செ.மீ., முன்துண்டுகள் குறைந்தது 2 மீட்டர். 5க்கு 5 வந்துவிட்டது என்று எனக்குப் பரம திருப்தி. மூன்றாவது நல்ல மெத்தையை அறுத்து உயரம் கூட்டப் பயன்படுத்தலாம் என்று முடிவுகூட செய்துவிட்டேன்.

அன்றைக்கு மாலை மாணவன் ஒருவனின் அப்பா வந்திருந்தார். கொத்தனார். நான் தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நடுவில் நின்று, நான்கு மெத்தையின் மூலையும் கூடும் இடத்தைக் காலால் தொட்டுக் காட்டி, "இந்த எடத்துலதான புள்ளைங்க விழுவாங்க?" என்றார். ஆமாம், பாக்ஸிலிருந்து இரண்டு மீட்டர் பின்னால், நடுக்கோட்டில். பெரும்பாலான பிள்ளைகளின் முதுகு அங்கேதான் விழும். "நாலு மூலையும் ஒரே எடத்துல கூடுனா செவுரே பொளந்துக்கும் சார். மூட்டு மேல மூட்டு வரக்கூடாதுங்க. மாத்திக் கட்டுங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அளவு நாடாவோடு மூன்று நாள் சுற்றிய எனக்கு அளவு மட்டும்தான் கண்ணில் பட்டது. விழும் உடம்பு மெத்தையின் நடுவே விழுந்தால் எந்த மெத்தையும் காப்பாற்றும். மூட்டில் விழுந்தால் இரண்டு மெத்தையும் விலகி வழிவிடும், உடம்பு ஆப்பு மாதிரி நடுவில் இறங்கும். கீழே மரமோ சிமெண்டோ காத்திருக்கும்.

அன்றிரவு அட்டையை ஒன்றுக்கு இருபது அளவில் வெட்டி, சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மகள் வந்து பார்த்தாள், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லா அட்டையையும் கால்வட்டம் திருப்பிவிட்டாள். விடை அதுதான். 2.5க்கு 2 மெத்தையை நீளவாக்கில் போட்டால் ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலம். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் 6 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம். மூட்டுகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒரு மீட்டர் தள்ளிப் போய்விட்டன. நடுவில், பிள்ளைகள் விழும் இடத்தில், முழுசாக ஒரே மெத்தை. பின்னால் ஹை ஜம்ப் மெத்தைகள் இரண்டையும் குறுக்கே போட்டால் அதுவும் 6 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம். மொத்தம் 6க்கு 5. ஒரு சென்டிமீட்டர்கூட அறுக்க வேண்டியதில்லை. அறுத்துவிடலாம் என்று நினைத்த அந்த மூன்றாவது மெத்தைதான் இப்போது நடுநாயகம்.

இந்த 6க்கு 5 என்ற அளவை நான் முன்பே வேறொரு இடத்தில் படித்திருக்கிறேன். 2002இல் அமெரிக்காவில் போல் வால்ட்டில் மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே பள்ளிகளுக்கான மெத்தை அளவைப் பெரிதாக்கினார்கள்: அகலம் 19 அடி 8 அங்குலம், பாக்ஸின் பின்சுவரிலிருந்து பின்னால் 16 அடி 5 அங்குலம். நம் கணக்கில் 6 மீட்டர், 5 மீட்டர். மூன்று உயிர் போன பிறகு கூட்டிய அந்த அகலம், அட்டையைத் திருப்பியதில் எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்து உயரம். முன்வரிசை 70, பின்வரிசை 50. பின்வரிசைக்கு அடியில் 20 செ.மீ. ஏற்ற வேண்டும். இங்கே ஒரு தப்பான குறுக்குவழி உண்டு, தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டை இரட்டையாக அடுக்கி உயரத்தைச் சமமாக்குவது. பார்வைக்குச் சமமாக இருக்கும். ஆனால் ஹை ஜம்ப் மெத்தை இரண்டு மீட்டரிலிருந்து விழுபவர்களுக்காகச் செய்தது. மேலே 50 செ.மீ. ஸ்பாஞ்சு, கீழே மரம் என்றால் உயரத்திலிருந்து விழுபவர் மரத்தைத் தொட்டுவிடுவார். உயரத்தை ஸ்பாஞ்சாலேயே கூட்ட வேண்டும். காயவைத்த பலகைகள் பின்வரிசையின் பாதிக்கு மேல் போதுமானதாக இருந்தன. மீதிக்கு பஸ் சீட் பட்டறைக் கழிவு. கொசுவலைத் தறிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கனத்த நூலில் நெய்த செகண்ட்ஸ் ரோல் ஒன்றை மலிவாக வாங்கி, இரட்டை மடிப்பில் பைகள் தைத்து, எலுமிச்சையிலிருந்து தேங்காய் வரைக்குமான அளவில் ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடைத்தோம். ரொம்பக் கெட்டியாக அடைத்தால் கல், தளர்த்தியாக அடைத்தால் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். பையின் மேல் முழங்காலை ஊன்றினால் தரை தட்டாமல், பாதி ஆழம் இறங்க வேண்டும். ஒவ்வொரு பையையும் அடுக்கும் முன் என் முழங்காலை ஊன்றிப் பார்த்தேன். பைகளை ஓரங்களில் வைத்தோம், நல்ல பலகைகளை நடுவில்.

பலகையோடு பலகை சேர்க்க ஃபெவிகால் எஸ்ஆர். இரண்டு முகத்திலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே அழுத்து. ஆனால் முகம் முழுக்கத் தடவக் கூடாது. பசை காய்ந்ததும் தகடு மாதிரி ஆகிவிடும், ஸ்பாஞ்சுக்கு நடுவே ஒரு கெட்டித் தளம் உருவாகிவிடும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம், நடுவில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். திறந்த வெளியில், முகமூடியோடு. பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பையனையே காவல் வைத்தேன்.

அடித்தளத்துக்கு டெக்ஸ்டைல் கம்பெனிகள் கழித்துப்போடும் பேலட்டுகள். மெத்தை மண்ணில் நேராக உட்கார்ந்தால் இந்த வருடம் நாங்கள் பட்ட பாடு அடுத்த ஐப்பசியில் திரும்பவும் தொடங்கும். அடியில் காற்றோட வேண்டும். பேலட்டின் கட்டை இடைவெளி மூன்று விரலுக்கு மேல் இருந்த இடங்களில் பலகை அடித்தோம், ஆணித்தலை ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்து இறக்கினோம். பேலட்டின் விளிம்பு மெத்தையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 15 செ.மீ. உள்ளே தள்ளியிருக்கிறது. பக்கவாட்டில் உருண்டு விழும் பிள்ளையின் தலை மரத்தில் படக்கூடாது.

மேலே எல்லாவற்றையும் மூடும் ஒரே மெத்தை 10 செ.மீ. இதோடு உயரம் எங்கும் 80 ஆகிவிடும். பழைய ஸ்பாஞ்சில் தேறிய 5 செ.மீ. அடுக்கு ஒன்று, அதன்மேல் புது ஸ்பாஞ்சு 5 செ.மீ. மொத்தச் செலவில் இந்தப் புது ஸ்பாஞ்சுக்குத்தான் அதிகம், பதினோராயிரத்துச் சொச்சம். கொத்தனார் சொன்னதை இங்கே எழுத்துக்கு எழுத்து பின்பற்றினோம். கீழ் அடுக்கின் துண்டுகள் சேரும் கோட்டின் மேல், மேல் அடுக்கின் முழுத்துண்டு. எந்த இடத்திலும் மூட்டுக்கு மேல் மூட்டு இல்லை. அவரே மண்டியிட்டு வரிசை பார்த்தார்.

மெத்தைகளுக்கு இடையிலான மூட்டுகளை மூன்று விதமாக அடைத்தோம். முதலில், ஒவ்வொரு மூட்டிலும் 6 செ.மீ. கன ஸ்பாஞ்சை நாக்கு மாதிரி மேலிருந்து அடிவரை சொருகினோம். சொருகும்போது கைகள் சிவந்துபோகும், அந்த அளவு இறுக்கம் வேண்டும். இரண்டாவது, உறையோடு உறையை ரெக்சின் பட்டையால் கண்ணி வைத்து, நைலான் கயிற்றால் ஷூ லேஸ் மாதிரி பின்னினோம். தடித்த ரெக்சினில் கையால் தைக்க கோணி ஊசிதான். மூன்றாவது, லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட். சுற்றளவு 22 மீட்டர். தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் ஒன்று, 55இல் ஒன்று. ராட்செட்டின் இரும்புக் கைப்பிடிகள் இரண்டும் பின்பக்கம், ஸ்பாஞ்சு உறைக்குள்.

உறை தைத்ததில் ஒரு தவறு நடந்தது, என் தவறு. மழைக்குப் பயந்து, மேற்பக்கமும் பக்கவாட்டும் முழுக்கத் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் தைக்கச் சொன்னேன். சீட் தைக்கும் அண்ணன் தயங்கினார். "காத்து போக வழி வேணாமுங்களா?" நான் கேட்கவில்லை. சோதனைக்காக மணல் மூட்டையைப் போட்டபோது முதல் மூட்டை பொத்தென்று பட்டு, எகிறி, முன்பக்கம் உருண்டு பாக்ஸ் ஓரத்தில் வந்து நின்றது. இரண்டாவது விழுந்தபோது பக்கத் தையல் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு டர்ரென்று கிழிந்தது. ஸ்பாஞ்சு அமுங்க வேண்டுமென்றால் அதற்குள் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லாத மெத்தை காற்றடைத்த பந்து. அந்த மூட்டை நின்ற இடத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பார்த்தேன், அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக நான்கு பக்கமும் 30 செ.மீ. உயரத்துக்குத் தார்ப்பாயை வெட்டி, அங்கே வலை வைத்துத் தைத்தோம். மேல்முகத்துக்கும் ஸ்பைக் தாங்கும் கனத்த வலை. மழைக்கு என்று தனியாக ஒரு தார்ப்பாய், பயிற்சி முடிந்ததும் போர்த்துவது. பழைய மெத்தைகளின் பக்கவாட்டில் ஏற்கெனவே வலை ஜன்னல் இருந்தது. அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நான்தான் அதை அழுக்கு பிடித்த துணி என்று அறுத்துப் போட்டிருக்கிறேன்.

இடது இறக்கை கொஞ்சம் ஒட்டுப்போட்டதில் சரியாகிவிட்டது. வலதைப் புதிதாகவே கட்டினோம். பாக்ஸைப் பார்த்த முகம் நேர்ச்சுவராக இருக்கக் கூடாது; ஏறக்குறைய 45 பாகை சரிவாக வெளிப்பக்கம் சாய வேண்டும். ஊன்றிய கம்பு வளையும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் சாயும், அதற்கு இடம் வேண்டும். பாக்ஸ் விளிம்புக்கும் இறக்கைக்கும் நடுவே விதி சொல்லும் இடைவெளி 10 முதல் 15 செ.மீ. நாங்கள் 12 வைத்தோம். இதைவிட நெருக்கினால் கம்பு உரசும், விலக்கினால் கம்பை விட்டுவிட்டு நேராகக் கீழே வரும் பிள்ளையின் கால் சிமெண்டில் இறங்கும். பாக்ஸ் விளிம்பைச் சுற்றிப் போடும் காலரை மட்டும் நான் செய்யவில்லை, புதிதாக வாங்கினேன். கம்புக்கு வழிவிடவும் வேண்டும், விழும் உடம்பையும் தாங்க வேண்டும். அந்தப் பதத்தை என் கட்டைவிரல் சோதனையால் கண்டுபிடிக்க முடியாது. பாரைத் தாங்கும் ஸ்டாண்டின் இரும்பு அடித்தளங்களுக்கும் தனி உறை தைத்தாயிற்று.

பிறகு அந்த மூட்டைச் சோதனை, முறையாக. கொத்தனாரின் சாரத்தை மெத்தை ஓரம் நிறுத்தி, மெத்தைக்கு மேல் 3 மீட்டர் உயரத்திலிருந்து 25 கிலோ மணல் மூட்டை. மூட்டையின் தலையில் அளவு குறித்த மெல்லிய மூங்கில் சிம்பு. மெத்தை மட்டத்தில் ஒரு நூல் கட்டி, போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தால் எவ்வளவு இறங்கியது என்று தெளிவாகத் தெரியும். நடு மெத்தையில் 41 செ.மீ. பின்வரிசையில் 38. நாக்கும் பெல்ட்டும் இல்லாமல் முன்வரிசை மூட்டின் மேல் போட்டபோது 58, மூட்டை பாதி உள்ளே சிக்கிக்கொண்டது. கை விட்டு இழுக்க வேண்டியிருந்தது. நாக்கு சொருகி, கயிறு பின்னி, பெல்ட் இறுக்கிய பிறகு அதே இடத்தில் 44. மொத்தம் எழுபது எண்பது தடவை போட்டிருப்போம், இரண்டு அடிக்கு ஒரு தடவை. பின்வரிசையின் இடது மூலையில் மட்டும் 29 வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பை கெட்டியாக அடைபட்டிருந்தது. அவிழ்த்து, ஒரு வாளித் துண்டுகளை வெளியே எடுத்து, திரும்பத் தைத்தோம்.

சித்திரை இரண்டாம் வாரம் பிள்ளைகளை ஏறவிட்டேன். முதல் நாள் கம்பு கிடையாது. முன்விளிம்பில் நின்று முதுகில் விழுவது மட்டும். தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க, கைகள் விரிய. இரண்டாம் நாள் ஸ்டூலின் மேலிருந்து. மூன்றாம் நாள் ஆறு காலடி ஓட்டத்தில், பாரே இல்லாமல். ஸ்டாண்டை பாக்ஸின் பின்சுவர்க் கோட்டிலிருந்து பின்னால் 80 செ.மீ. வரை தள்ளலாம். என் பிள்ளைகள் யாருக்கும் 60க்குக் குறைவாக வைப்பதில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் 18 அங்குலத்துக்கு, அதாவது 45 செ.மீ. சொச்சத்துக்குக் குறையவே கூடாது என்று விதி. பாரை மெத்தைக்குள் தள்ள தள்ள, விழுபவர் பாக்ஸை விட்டு விலகுகிறார்.

ஏன் காலிலேயே விழுகிறோம் என்று கேட்ட அந்தப் பெண் நான்காம் நாள் பார் வைத்துத் தாண்டினாள். 2.10 மீட்டர். மணலில் எங்கள் எல்லையைவிட 10 செ.மீ. அதிகம், அவ்வளவுதான். முதுகு நடு மெத்தையில் பட்டது. மேல் வலை உள்வாங்கி, பக்க வலைகளில் 'புஸ்' என்று காற்று வந்தது. அவள் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தாள். பதறி ஓடினேன். வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சார், இன்னொருவாட்டி விழட்டுமா?"

மொத்தச் செலவு முப்பத்தெட்டாயிரம். பெரும்பகுதி பழைய மாணவர்கள் கொடுத்தது. தையல் கூலி, பெல்ட், காலர், வலை, பசை எல்லாம் இதில் அடக்கம். பேலட்டும் கொத்தனாரின் சாரமும் காசில்லாமல் வந்தவை.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. தினமும் பயிற்சிக்கு முன்னால் ஒரு பிள்ளை ஒவ்வொரு மூட்டிலும் கையை நிமிர்த்திச் சொருகிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. விரல் நுனிக்கு மேல் இறங்கினால் அன்றைக்குத் தாண்டுதல் இல்லை, முதலில் பெல்ட். வாரம் ஒருமுறை ராட்செட்டில் இரண்டு மூன்று பல் இறுக்க வேண்டியிருக்கிறது, ஸ்பாஞ்சு இன்னும் உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. எலிக்காக நான்கு மூலையிலும் பேலட்டுக்கு அடியில் கம்பி வலை அடித்திருக்கிறோம். நேற்று வலது மூட்டில் மணிக்கட்டுவரை கை இறங்கியது. நாக்கு ஸ்பாஞ்சு அமுங்கி மெலிந்துவிட்டது. 8 செ.மீ. கனத்தில் புதிதாக ஒன்று அறுத்து வைத்திருக்கிறேன். சீட் தைக்கும் அண்ணன் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை பாரை இறக்கி வைத்துவிட்டு ஓட்டமும் கம்பு ஊன்றலும் மட்டும்.